நாடுகளை ஒப்பிடும்போது தொழிலாளியின் உரிமையும் கணக்கில் வரவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாழ்வதற்கு உகந்த நாடுகள் என்ற தரவரிசை ஏதேனும் வெளியாகும்போதெல்லாம் தங்கள் நாளிதழ் அதற்கு நல்ல இடம் ஒதுக்கி, முதலிடம் யாருக்கு, இந்தியாவுக்கு எத்தனையாவது இடம் என்று தவறாமல் வெளியிட்டு வருகிறது. அச்செய்திகளை விடாமல் படித்து வரும் வாசகன் என்ற முறையிலும், வளைகுடாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் தொழிலாளர் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவன் என்ற முறையிலும், அந்த ஒப்பீடுகளில் எப்போதும் விடுபட்டுப் போகும் ஒன்றைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். ஒரு நாட்டில் வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், அங்கே வாழும் யாருக்கு என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. அந்த நாட்டுக் குடிமகனுக்கு ஒரு வாழ்க்கை. குடும்பத்தோடு தங்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு வேறொரு வாழ்க்கை. லேபர் கேம்பில் இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருப்பவனுக்கு முற்றிலும் வேறொரு வாழ்க்கை. எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தைப் போலத் தெருவுக்குப் பத்துப் பேரை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் ஊர்களுக்கு, இந்த மூன்றாமவனை விட்டுவிட்டுச் செய்யப்படும் ஒப்பீட்டால் ஒரு பயனும் இல்லை.

தரவரிசைகளில் பெரிதும் மதிக்கப்படுவது ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 1990 முதல் வெளியிட்டு வரும் மனித வளர்ச்சிக் குறியீடு. பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்றோரின் துணையோடு உருவாக்கிய அளவுகோல் அது. தேசிய வருமானம் ஒன்றை மட்டுமே வைத்து நாடுகளை எடைபோட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஆயுளையும் கல்வியையும் வருமானத்தோடு சேர்த்துப் பார்க்கச் செய்தது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் குறியீட்டுக்குள் உரிமை என்பதற்கு இடமே இல்லை. 2023-24 அறிக்கையில் ஐக்கிய அரபு அமீரகம் 17-வது இடத்திலும் இந்தியா 134-வது இடத்திலும் இருந்தன. இதைப் படிக்கும் ஓர் இளைஞர், அமீரகத்துக்குப் போனால் நம் வாழ்க்கை நூறு படிக்கு மேல் உயர்ந்துவிடும் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்நாட்டு மக்கள்தொகையில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் வெளிநாட்டவர் என்பதும், அவர்களுக்கு அங்கே தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை இல்லை, வேலை போனால் நிலைத்துத் தங்க வழியில்லை, எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடிமக்களுக்கு உரிய ஓய்வூதியம் இல்லை என்பதும் அந்த எண்ணுக்குள் தெரிவதில்லை. வேலையை விட்டு வரும்போது பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள் சம்பளம் என்பது சட்டம். முதுமையும் நோயும் வந்தபின் ஆகும் செலவெல்லாம் சொந்த ஊரின் தலையில்தான் விழுகிறது. பிள்ளையாகப் பெற்று வளர்த்துப் படிக்க வைத்த செலவும் நம்முடையதே. உழைக்கும் வயது மட்டும் அங்கே கழிகிறது.

இந்த வேறுபாட்டின் வேர் கஃபாலா என்னும் முறையில் இருக்கிறது. வேலை கொடுப்பவரே தொழிலாளி அந்த நாட்டில் தங்குவதற்கும் பொறுப்பாளர் என்பதுதான் அதன் அடிப்படை. அதனால் சம்பளம் தராத முதலாளியைப் பற்றிப் புகார் கொடுப்பவன் தன் வேலையை மட்டுமல்லாமல், அந்த மண்ணில் நிற்கும் சட்டப்பூர்வமான தகுதியையும் சேர்த்தே பணயம் வைக்கிறான். சவூதியில் முன்பெல்லாம் ஒருவரை ஓடிப்போனவர் என்று முதலாளி பதிவு செய்துவிட்டால், அதைத் தொழிலாளர்கள் ஹுரூப் என்பார்கள், அதன்பின் அவர் தெருவில் நடப்பதே குற்றமாகிவிடும். நான் வேலை பார்த்த டைம் ஆபீஸில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. அதில் தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டுகள் பேட்ஜ் எண் வாரியாக அடுக்கப்பட்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டப்பட்டிருக்கும். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது அந்த நாட்டுச் சட்டத்துக்கே விரோதம்; ஆனாலும் அந்த பீரோவின் சாவியைக் கேட்கத் துணிந்தவர் யாரும் இல்லை. கமுதிப் பக்கத்துக் கம்பி கட்டும் தொழிலாளி ஒருவருக்குத் தகப்பனார் இறந்த செய்தி வந்தது. ஊர் போய்த் திரும்புவதற்கான எக்ஸிட் ரீஎன்ட்ரி அனுமதிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் குடும்பத்தோடு வெளிநாடு போயிருந்தார். ஒவ்வொரு நாளும் ஷிஃப்ட் முடிந்ததும் அந்த மனிதர் சிமெண்டு படிந்த சட்டையோடு வந்து என் மேசைக்கு முன்னால் நிற்பார். கேள்வி எதுவும் கேட்க மாட்டார். நான் தலையை அசைத்ததும் போய்விடுவார். அவர் ஊர் வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. அந்த நாட்டின் தனிநபர் வருமானம் நம்முடையதைப் போலப் பல மடங்கு என்பதும், அவருடைய சம்பளம் ஊரில் கிடைப்பதைப் போல மூன்று மடங்கு என்பதும் உண்மைதான். இந்த உண்மையையும் அந்த உண்மையையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது என்பதுதான் நாடுகளை ஒப்பிடுவோர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களின் நிலை இதைவிடக் கடினமானது. பல நாடுகளில் தொழிலாளர் சட்டம் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. சவூதி அரேபியா 2021 மார்ச் மாதம் நடைமுறைப்படுத்திய சீர்திருத்தம் தனியார் நிறுவனத் தொழிலாளர்கள் ஓரளவு வேலை மாறவும் நாட்டைவிட்டு வெளியேறவும் வழி செய்தது. வீட்டுப் பணியாளர்களும் வீட்டு ஓட்டுநர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. இலங்கையின் மூதூரிலிருந்து 2005-ல் சவூதிக்குப் போன ரிசானா நபீக்கை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வயதைக் கூட்டிக் காட்டிய பாஸ்போர்ட்டில் அனுப்பப்பட்ட அந்தச் சிறுமியின் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தபோது அவருக்கு வயது 17 என்பது பிறப்புச் சான்றிதழின் கணக்கு. முதல் விசாரணையின்போது அவருக்கு வழக்கறிஞர் இல்லை. 2013 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவர் அறிந்த மொழியில் கேள்வியும், அவர் சார்பில் பேச ஒரு வழக்கறிஞரும் கிடைக்குமா என்பது ஒரு நாட்டின் வாழ்க்கைத் தரத்தில் சேராதென்றால், வேறு எதுதான் அதில் சேரும்?

இவ்வாறு சொல்வதால் வளைகுடா முழுவதையும் ஒரே நிறத்தில் தீட்டுகிறேன் என்று யாரும் கருத வேண்டாம். ஆறு நாடுகளும் ஒன்றல்ல. ஒரே நாடும் பத்தாண்டுக்கு முன்பும் இப்போதும் ஒன்றல்ல. உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை முன்னிட்டு உலகத்தின் கண் தன்மேல் விழுந்தபின் கத்தார் செய்த மாற்றங்கள் மெய்யானவை. பெரும்பாலான தொழிலாளர்களுக்கு 2018-லும், வீட்டுப் பணியாளர்களுக்கு 2020-லும் வெளியேறும் அனுமதி நீக்கப்பட்டது. 2020-ல் ரிலீஸ் எனப்படும் முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேலை மாறும் உரிமை சட்டமானது. 2021 மார்ச் முதல் எந்த நாட்டவராயினும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால் என்றும், தங்குமிடம் தராவிட்டால் 500, உணவு தராவிட்டால் 300 ரியால் கூடுதலாக என்றும் நிர்ணயிக்கப்பட்டது. கோடைக்காலத்தில் காலை 10 மணி முதல் மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற விதியும் வந்தது. சட்டத்தில் உள்ளபடியே கீழ்மட்டத்தில் எல்லாம் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. வேலை மாற விண்ணப்பித்தவனை ஓடிப்போனவனாகக் காட்டிப் பழிவாங்கும் முதலாளிகள் அங்கும் உண்டு. ஆனால் சட்டம் தொழிலாளியின் பக்கம் நிற்கிறதா, எதிரே நிற்கிறதா என்பது சிறிய வேறுபாடல்ல. அமீரகத்தில் 2023 முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாமுக்கு மிகாதவர் மாதம் 5 திர்ஹாம் கட்டினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வேலை போனபின் மூன்று மாதம் வரை சம்பளத்தில் 60 விழுக்காடு கிடைக்கும். வீட்டுப் பணியாளர்கள் இதிலும் இல்லை என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

குவைத்தோ எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. தனியார் துறையில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர், முதலாளியின் ஒப்புதலோடு அனுமதி பெற்ற பிறகே நாட்டைவிட்டு வெளியேற முடியும் என்ற விதி 2025 ஜூலை 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன், 2024 ஜூன் 12 அதிகாலையில், மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் நெருக்கமாகத் தங்கவைக்கப்பட்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் பிடித்த தீயை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 45 இந்தியர்களின் உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்து இறங்கின. அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலானோர் தூக்கத்திலேயே புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள். குவைத் தினார் உலகத்திலேயே மதிப்பு மிக்க நாணயம் என்று எங்கள் ஊர் டீக்கடையில் பேசிக்கொள்வது வழக்கம். ஒரே கட்டடத்தில் எத்தனை பேரைத் தங்க வைக்கலாம், அவசர வழி திறந்திருக்கிறதா என்பதைச் சோதிக்கும் அதிகாரி எத்தனை முறை வருகிறார் என்பது நாணயத்தின் மதிப்பில் தெரிவதில்லை.

சிங்கப்பூரைப் பற்றியும் சொல்ல வேண்டும்; ஏனெனில் தமிழரிடையே அந்த ஊருக்கு இருக்கும் நற்பெயர் தனி. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. லஞ்சம் கொடுக்காமல் அரசு அலுவலகத்தில் வேலை நடக்கும். சம்பளப் பாக்கிக்குப் புகார் கொடுத்தால் விசாரிக்க ஆள் உண்டு. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் வொர்க் பெர்மிட்டில் போகும் நம் தொழிலாளி குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க அரசின் அனுமதி வேண்டும். பெர்மிட் முடியும் தறுவாயில் கிடைக்கும் குறுகிய கால இடைவெளி தவிர, வேறு கம்பெனிக்கு டிரான்ஸ்ஃபர் ஆவதற்கு முதலாளியின் சம்மதம் தேவை. அனைவருக்குமான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அங்கே கிடையாது. குறைந்த வருமானக்காரர்களுக்காகக் கொண்டுவரப்பட்ட படிப்படியான ஊதிய முறை உள்நாட்டவருக்கு மட்டுமே பொருந்தும். 2020-ல் கொரோனா பரவியபோது இந்த இரட்டை வாழ்க்கை உலகத்துக்கே தெரிந்தது. டார்மிட்டரி எனப்படும் தொழிலாளர் விடுதிகளில் தங்கியிருந்த மூன்று லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அந்த அரசே டிசம்பரில் அறிவித்தது. வெளியே நகரம் திறந்தபின்னும் அவர்களுடைய வாயில் நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. மருத்துவச் செலவை அரசே ஏற்றது, சம்பளம் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டது, இறப்புகள் மிகக் குறைவு என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நல்ல நிர்வாகமும் குறைந்த உரிமையும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்க முடியும் என்பதற்குச் சிங்கப்பூரைவிடத் தெளிவான சான்று இல்லை.

மேலை நாடுகளுக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை என்று படித்த பிள்ளைகள் எண்ணுகிறார்கள். முதலாளியோடு விசாவைக் கட்டிப்போடும் வழக்கம் அங்கும் இருக்கிறது. பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு, விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனமான ஸ்பான்சர் மூலம் போனவர்கள், அந்த நிறுவனம் உரிமம் இழந்தால் 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டிய நிலையில் தவித்தார்கள். 2024 மார்ச் முதல் புதிதாகப் போவோர் துணையையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லத் தடை வந்தது; 2025 ஜூலையில் அந்த வாசலே வெளிநாட்டு ஆட்களுக்கு அடைக்கப்பட்டது. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கும் பொறியாளருக்கும் வேலை போனால் 60 நாள்தான் கெடு. சவூதியின் தம்மாமில் கொத்தனாராக இருப்பவரும் டெக்சாஸில் மென்பொருள் எழுதுபவரும் இந்த ஒரு கட்டுப்பாட்டில் ஒரே வகையினர். வேறுபாடு எங்கே என்றால், பின்னவர் பாஸ்போர்ட் அவர் பையில் இருக்கிறது. அவர் நீதிமன்றம் போனால் அவருக்கு மொழி தெரியும். செய்தித்தாளில் பெயர் போட்டு முதலாளியைக் குறை கூறினால் போலீஸ் வராது. நார்வே, சுவிட்சர்லாந்து போன்று பட்டியலின் உச்சியில் இருக்கும் நாடுகளில் சட்டப்படி வேலை செய்பவர் எவராயினும் அவருக்குத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆனால் தொழிற்கல்வியோ பட்டமோ இல்லாத ஆசியத் தொழிலாளி அந்நாடுகளில் நீண்டகால வேலை அனுமதி பெறுவதற்கான வழி ஏறக்குறைய இல்லை. உரிமை அதிகம் கொடுக்கும் நாடுகள் சிலரையே உள்ளே விடுகின்றன. லட்சக்கணக்கில் உள்ளே விடும் நாடுகள் உரிமையைச் சுருக்கிக்கொடுக்கின்றன. பத்தாவது தவறிய எங்கள் ஊர்ப் பையனுக்கு முன்னால் இருக்கும் தேர்வு நார்வேயா கத்தாரா என்பதல்ல. கத்தாரா குவைத்தா, சிங்கப்பூரா மலேசியாவா என்பதுதான். அந்த ஒப்பீட்டைத்தான் யாரும் செய்து தருவதில்லை.

நம் நாட்டின் கணக்கையும் மறைக்கக் கூடாது. இந்திய அரசியலமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகள் குடிமகனுக்கு மட்டுமன்றி இந்த மண்ணில் இருக்கும் எந்த மனிதருக்கும் சமத்துவத்தையும் உயிர்ப் பாதுகாப்பையும் உறுதி செய்கின்றன என்பது பெருமைக்குரியது. அதே நேரத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூருக்கும் சென்னைக்கும் வந்து, தகரக் கொட்டகையில் தங்கி நம் கட்டடங்களைக் கட்டும் தொழிலாளியிடம் அந்தப் பிரிவுகள் எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 1979-லேயே வந்தது. 2020 ஊரடங்கில் அவர்கள் நெடுஞ்சாலையில் குழந்தைகளைத் தோளில் சுமந்து நடந்தபோது, எந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற சரியான பதிவேடுகூட அரசுகளிடம் இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கென்று நாடு முழுவதற்குமான தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. சவூதியில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்காக நாம் கேட்கும் வாராந்திர ஓய்வை, நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்குக் கொடுக்கிறோமா?

பிள்ளைகளை அனுப்பும் நாடு என்ற வகையில் நாம் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியது பிலிப்பைன்ஸை. சிங்கப்பூரில் பணிப்பெண்ணாக இருந்த ஃபுளோர் கான்டெம்பிளாசியோன் 1995 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டபோது பிலிப்பைன்ஸ் மக்கள் வீதிக்கு வந்தார்கள். அந்த ஆண்டே வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான தனிச் சட்டம் நிறைவேறியது. வெளிநாட்டில் ஏமாற்றப்பட்டால், பிலிப்பைன்ஸில் ஆள் எடுத்து அனுப்பிய ஏஜென்சியும் அந்த முதலாளியோடு சேர்ந்து சம்பளப் பாக்கிக்குப் பொறுப்பு என்று அச்சட்டம் சொல்கிறது. 2004 தேர்தல் முதல் வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் தாங்கள் இருக்கும் நாட்டிலிருந்தே வாக்களிக்கிறார்கள். வெளிநாடுவாழ் இந்தியருக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் உரிமையை 2010-ல் செய்த சட்டத்திருத்தம் கொடுத்தது; ஆனால் வாக்களிக்க ஊருக்கு நேரில் வர வேண்டும். விமான டிக்கெட் போட்டு ஓட்டுப்போட வரும் கொத்தனாரை நான் பார்த்ததில்லை. புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்கான 1990-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையைப் பிலிப்பைன்ஸ் 1995-லும் இலங்கை 1996-லும் ஏற்றுக்கொண்டன. வளைகுடா நாடுகள் ஏற்கவில்லை, மேலை ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் ஏற்கவில்லை. லட்சக்கணக்கானோரை அனுப்பும் இந்தியாவும் ஏற்கவில்லை. ஓட்டு இல்லாத மக்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் யார் பேசுவார்கள்?

வெளிநாட்டுப் பணத்தால் எங்கள் பக்கத்தில் எத்தனையோ ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின, எத்தனையோ பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். போகாதீர்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நானும் போய் வந்தவன்தான். தெரிந்து போக வேண்டும் என்பதே என் கவலை. ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். நாடுகளின் தரவரிசையை வெளியிடும்போது, நம் ஆட்கள் அதிகம் போகும் நாடுகளுக்கேனும் சில விவரங்களைச் சேர்த்து வெளியிடுங்கள்: முதலாளியின் சம்மதமின்றி வேலை மாற முடியுமா, நாட்டைவிட்டு வெளியேற முடியுமா, குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு, அது வெளிநாட்டவருக்கும் பொருந்துமா, வீட்டுப் பணியாளருக்குத் தொழிலாளர் சட்டம் உண்டா, புகார் கொடுக்க எங்கே போக வேண்டும். இவை ஒவ்வொன்றும் சட்டத்தில் எழுதப்பட்ட செய்திகள். ஒரு நிருபர் சில நாள் உழைத்தால் கிடைக்கக் கூடியவை.

மற்றொன்று தங்கள் வரிவிளம்பரப் பக்கம் பற்றியது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். ஏஜென்ட் வாங்கக் கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. ஆனால் ஃப்ரீ விசா என்றும் உடனடி விசா என்றும் வெறும் செல்போன் எண்ணோடு வரும் விளம்பரங்களை நம்பி, நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வருபவர்களுக்கு நான் இன்றும் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உரிம எண் குறிப்பிடாத வெளிநாட்டு வேலை விளம்பரத்தை ஏற்பதில்லை என்று தங்கள் நாளிதழ் முடிவெடுத்து, அந்த எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
பரமக்குடி, இராமநாதபுரம் மாவட்டம்.